நாரிக்கும் தலைக்கும் கத்தியா, காத்திருப்பா? வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

முள்ளந்தண்டுக்கும் மூளைக்கும் வன்னியில் கிடைக்கிற வைத்தியம் இரண்டு வகை. கிட்ட இருப்பது கிளினிக்கும் குளிசையும் இயன்மருத்துவமும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் அதைப் பெறலாம். தூரத்தில் இருப்பது கத்தி. நரம்பியல் சத்திரசிகிச்சை என்றால் வடக்கே யாழ்ப்பாணம், தெற்கே அநுராதபுரம், அதற்கும் அப்பால் கண்டி, கொழும்பு. அரச வைத்தியசாலைகளில் இரண்டுமே இலவசம். அதனால் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு வருடம் கழித்து ஆள் நடக்கிறாரா, வயலில் இறங்குகிறாரா, தன் வேலையைத் தானே பார்க்கிறாரா என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். நாரி நோவுக்கு மட்டும் என்று கத்தி வைப்பது பெரும்பாலும் வீண். நாரியிலிருந்து காலுக்கு இறங்குகிற நோவுக்குக் கத்தி கெதியாகச் சுகம் தரும், ஆனால் வருடம் முடியும்போது காத்திருந்தவரும் அநேகமாக அதே நிலைக்கு வந்திருப்பார். நரம்போ முண்ணாணோ (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம்) நசிந்து பலம் குறைந்துகொண்டு போகிறது என்றால் காத்திருப்பதுதான் ஆபத்து. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேவையில்லாதவர் ஸ்கான் படத்தோடு கொழும்புக்கு ஓடுகிறார், ஓட வேண்டியவர் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார்.

சவ்வு விலகல்

50 கிலோ உரப் பையைக் குனிந்து திருப்பித் தூக்குவது, நாள் முழுக்க வளைந்து நாற்று நடுவது, லாண்ட்மாஸ்ரர் இருக்கையில் குலுங்கிக்கொண்டு போவது எல்லாம் நாரியின் கடைசி இரண்டு சவ்வுகளில், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தைகளில்தான் சுமையை இறக்கும். சவ்வின் நடுக்கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பைத் தொட்டால் நோ பிட்டத்தால் இறங்கிப் பாதம் வரை போகும். எந்த நரம்பு என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். குதியை ஊன்றி, பாத முன்பக்கத்தைத் தூக்கிப் பத்து அடி நடக்க முடியாவிட்டால் ஐந்தாம் நாரி நரம்பு பலமிழந்திருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் அதற்குக் கீழே உள்ள முதலாவது திருவெலும்பு நரம்பு. நோ மட்டும் இருந்து இரண்டையும் செய்ய முடிந்தால் அவசரம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு நல்ல கணக்கு உண்டு. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் கால் நோவோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சை, மறுபகுதிக்குக் காத்திருப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. கத்திக்குப் போனவர்களுக்கு நோ வேகமாக இறங்கியது. வருட முடிவில் இரு பகுதியிலும் 95 சதவீதம் பேர் சுகம் என்றார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் இடையில் கத்திக்குப் போனதையும் சேர்த்துத்தான் அந்த 95. ஆகவே ‘காத்திருந்தால் எல்லோருக்கும் தானாக மாறும்’ என்று இதைப் படிக்கக் கூடாது. காத்திருப்பதால் கடைசி விளைவு கெட்டுப்போகவில்லை என்றுதான் படிக்க வேண்டும். நோர்வேயில் 126 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த பழைய ஆய்விலும் முதல் வருடத்தில் கத்தி முந்தியது, பத்தாம் வருடத்தில் வித்தியாசம் இல்லை.

ஆனால் காத்திருப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கனடாவில் நான்கு மாதத்துக்கு மேல் நோ நீடித்த 128 பேரில் பார்த்தபோது, ஆறு மாதத்தின் பின் கால் நோ பத்துக்கு 2.8 என்று கத்திப் பக்கத்தில் இருந்தது, மற்றப் பக்கத்தில் 5.2. இது 2020இல் வந்தது. ஆறு வாரம் பொறு, மூன்று மாதத்தில் திரும்ப யோசி, நான்கு மாதம் தாண்டியும் இரவில் நித்திரை இல்லை என்றால் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார் என்ற கணக்கு இந்த மூன்று ஆய்வுகளோடும் பொருந்துகிறது.

ஸ்கான் படத்தைக் கண்டு பயப்படுவது தனிக்கதை. நோவே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தால் இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் சவ்வு புடைத்திருக்கும். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் சத்திரசிகிச்சை பேசுகிற இடத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்: பெரிய துண்டுதான் கூடுதலாகக் கரையும். முற்றாகக் கழன்று விழுந்த துண்டு 96 சதவீதம் பேரில் தானாகச் சுருங்கியிருக்கிறது, வெறும் புடைப்பு 13 சதவீதம் பேரில்தான். கழன்ற துண்டை உடல் அந்நியப் பொருளாகக் கண்டு தின்றுவிடும்; உறைக்குள் இருக்கிற புடைப்பை அது தொடுவதில்லை.

கத்தியில்லாத வைத்தியத்தின் பாகங்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. படுக்கை ஓய்வுக்கு நாங்கள் புள்ளியே கொடுக்க மாட்டோம். இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்களுக்கும் நடமாடியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று 1999இலேயே காட்டப்பட்டுவிட்டது. கடும் நோவுக்கு ஓரிரு நாள் படுக்கலாம், பிறகு பத்து நிமிட நடை, நாளுக்கு மூன்று நான்கு தரம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. பரசிற்றமோல் 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்தவருக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு.

டைக்குளோபினக் போன்ற நோக்குளிசைகள் நன்றாக வேலை செய்யும். ஆனால் வவுனியாவின் சில பகுதிகளிலும் வெலிஓயாப் பக்கத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் கடையில் வாங்கி விழுங்குவது நாரியைக் காப்பாற்றச் சிறுநீரகத்தைக் கொடுப்பது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூடும். நரம்பு நோவுக்கான பிரகபாலின் குளிசை கால் நோவுக்குத் தாராளமாக எழுதப்படுகிறது. 2017இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில் அது மருந்தில்லாத வெறும் குளிசையை விடச் சிறப்பாக இருக்கவில்லை. தலைச்சுற்று மட்டும் கூடியது. முள்ளந்தண்டில் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்கு நோவைக் கொஞ்சம் இறக்கும். அந்த இடைவெளியில் நடக்கவும் பயிற்சி செய்யவும் தொடங்கினால் பிரயோசனம், படுத்திருந்தால் இல்லை.

பார்மசியில் தொங்குகிற நாரிப் பெல்ட்டைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பஸ் பயணத்துக்கும், தவிர்க்க முடியாத இரண்டு மணி நேர வேலைக்கும் கட்டலாம். நாள் முழுக்கக் கட்டினால் தசை வேலையை மறந்துவிடும். இழுவைக் கட்டிலுக்கு நல்ல சான்று இல்லை. புக்கை கட்டுவதாலும் ஒத்தடத்தாலும் கெடுதி இல்லை, விறைத்த தோலில் மட்டும் சூடு வைக்கக் கூடாது. சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும். முதுகில் ஏறி மிதிப்பது, கழுத்தைச் சடக்கென்று முறிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இனிக் கத்திப் பக்கம். மூன்று நான்கு சென்ரிமீற்றர் வெட்டு, முழு மயக்கம், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் நடை. கால் நோவுக்குப் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குப் பலன். நாரி நோவுக்கு அந்த உறுதி கிடையாது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெளியாமல் போகிறவர்கள்தான் பிறகு ‘ஒப்பரேசன் பிழைத்துவிட்டது’ என்கிறார்கள். உண்மையிலேயே பிழைப்பவை வேறு: முண்ணாண் உறை கிழிந்து நீர் கசிவது, சவ்வு வட்டில் கிருமி பிடிப்பது, அதே இடத்தில் சவ்வு மீண்டும் பிதுங்குவது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம், நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை. புகைப்பவருக்கும் கட்டுப்படாத சீனி வருத்தக்காரருக்கும் காயம் ஆறுவது பிந்தும். ஆறு வாரத்துக்குத் தண்ணீர் நிரம்பிய வாளி தூக்கக் கூடாது, உரப் பை மூன்று மாதத்துக்கு நினைக்கவே கூடாது. காலபோக விதைப்புக்கு முந்திய வாரம் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுப்பவர் அந்தப் போகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

மேலே சொன்ன பொறுமை எல்லாம் ஓர் இடத்தில் செல்லாது. சலம் முட்டியும் போகவில்லை, அல்லது தெரியாமல் போகிறது. சைக்கிள் இருக்கையில் படுகிற இடமெல்லாம் விறைத்துவிட்டது. இரண்டு காலும் பலம் குறைகிறது. முண்ணாணின் அடியில் தொங்கும் குதிரைவால் நரம்புக் கொத்து நசிகிறது என்று அர்த்தம். முற்றாகச் சலம் அடைபடுவதற்கு முன் எடுத்தால் சலப்பை தப்பும், பிறகு எடுத்தால் கால் மீண்டாலும் சலப்பை மீளாமல் போகலாம். 48 மணித்தியாலம் என்று ஒரு கெடு புத்தகங்களில் இருக்கிறது, ஆனால் அதைச் சலுகையாக எடுக்கக் கூடாது. முல்லைத்தீவிலிருந்து மாற்றம் எழுதி, அம்புலன்ஸ் வந்து, ஸ்கான் எடுத்து, சத்திரசிகிச்சை அறை கிடைக்கும் வரை போகிற நேரமும் அந்தக் கெடுவுக்குள்தான்.

ஒடுக்கமும் கழுத்தும்

அறுபது தாண்டியவருக்கு நடந்தால் இரண்டு காலும் கனத்துக் குத்தும், குந்தினால் மாறும், சைக்கிள் மட்டும் பிரச்சினையில்லாமல் ஓடுவார் என்றால் முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கியிருக்கிறது. குனியும்போது கால்வாய் சற்று விரிவதால்தான் சைக்கிள் சுகம். நடைத்தூரம் சுருங்கிக்கொண்டே வந்தால் கத்தி உதவும். ஆனால் கம்பியும் ஆணியும் போட்டு இணைக்க வேண்டும் என்று சொன்னால் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். சுவீடனில் 247 பேரில், ஒடுக்கத்தை மட்டும் திறந்துவிட்டவர்களும் ஆணி சேர்த்தவர்களும் இரண்டு வருடத்தில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். முள்ளெலும்பு அசைந்து வழுக்குகிறது என்று தெளிவாகக் காட்டினால் கதை வேறு.

கழுத்தில் முண்ணாண் நசிவது இதற்கு எதிர். நோ குறைவாக இருக்கும், அதனாலேயே தவறும். சட்டைத் தெறி பூட்டக் கை தடுமாறும், சாரம் இறுக்கிக் கட்ட வராது, வரம்பில் நடக்கக் கால் தள்ளாடும், கழுத்தைக் குனிந்தால் முதுகால் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். கூடிக்கொண்டே போனால் சத்திரசிகிச்சைதான். போன பலத்தை அது முழுதாகத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது, இருப்பதைக் காக்கும். கழுத்துக் காலர் இந்த நசிவைத் தீர்க்காது.

காசம்

முதுகு நோவோடு மெலிவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் முள்ளந்தண்டுக் காசத்தை நினைக்க வேண்டும். கத்தியில்லாத வைத்தியம் முழு மதிப்பெண் வாங்குகிற இடம் இது. சென்னையில் நடந்த ஆய்வில் நடமாடிக்கொண்டே 6 அல்லது 9 மாதம் காசக் குளிசை எடுத்தவர்கள், பழுதான எலும்பை வெட்டியெடுத்துக் குளிசையும் எடுத்தவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் பின்தங்கவில்லை. கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, முதுகு கூனிக்கொண்டு வந்தாலோ, மருந்துக்கு மசியாவிட்டாலோதான் கத்தி. சிறுபிள்ளைகளில் கூன் வளர்ச்சியோடு கூடும் என்பதால் எக்ஸ்ரேயைத் தொடர்ந்து எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்து ஒரு வருடம் வரை நீளலாம். சுகம் தெரிந்ததும் இடையில் நிறுத்துவதுதான் இதில் மிகப் பெரிய தோல்வி.

பனையால் விழுந்தால்

மரத்தால், கிணற்றுக்குள், கூரையால் விழுகிறவர்களுக்கு நெஞ்சுப் பகுதி முடிந்து நாரி தொடங்கும் சந்தியில்தான் எலும்பு நொறுங்கும். கால் அசைகிறது, உணர்ச்சி இருக்கிறது, சலம் போகிறது, எலும்பு நிலையாக இருக்கிறது என்றால் ஆணி போடுவது கட்டாயமில்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 47 பேரில், கத்திக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. பதினாறு வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோது கத்திக்குப் போகாதவர்களே நோக் குறைவோடு இருந்தார்கள். உடம்பைச் சுற்றிய பட்டி கூட எல்லோருக்கும் தேவைப்படவில்லை என்று 2014இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது.

கழுத்து முறிந்து கைகால் வராமல் போனவருக்கு இது பொருந்தாது. 24 மணித்தியாலத்துக்குள் நசிவை எடுத்தவர்களில் 19.8 சதவீதம் பேர் பாதிப்பை அளக்கும் தர வரிசையில் இரண்டு படியாவது தேறினார்கள், பிந்தியவர்களில் 8.8. ஆகவே முறிவு தறிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது. ஓட்டோவில் மடித்து ஏற்றக் கூடாது. 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும் வரை அசைக்காமல் வைத்திருங்கள். அசைத்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் தலைமாட்டில் இருந்து தலையை இரு கையாலும் உடம்பின் நேருக்குப் பிடிக்க வேண்டும், மூவர் ஒரே பக்கத்தில் தோள், இடுப்பு, முழங்கால் என்று பிடிக்க வேண்டும். தலையைப் பிடித்தவர் எண்ண, நால்வரும் ஒன்றாக உருட்ட, ஐந்தாவது ஆள் பலகையைச் செருக வேண்டும். கதவுப் பலகை போதும்.

மூளை

கத்திக்கு நாங்கள் தயங்காமல் அதிகப் புள்ளி கொடுப்பது தலைக்குள் நாட்பட்டுக் கிடக்கும் இரத்தக் கட்டுக்கு. அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், எல்லோரும் மறந்திருப்பார்கள். பிறகு தலையிடி, தடுமாற்றம், ஆளை மாறிச் சொல்வது, ஒரு பக்கக் கை சோர்வு. அறளை பெயர்ந்துவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், வாபரின் எடுப்பவராக இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். சி.ரி. ஸ்கானில் தெரிந்துவிடும். மண்டையோட்டில் ஓரிரு துளை போட்டுக் கழுவி, 48 மணித்தியாலம் வடிகுழாய் வைப்பார்கள். குழாய் வைப்பதா விடுவதா என்பது சின்ன விடயம் இல்லை: கேம்பிரிட்ஜில் 215 பேரில் பார்த்தபோது குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதம் பேருக்கும் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் கட்டு திரும்ப வந்தது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையால் இதைச் சமாளிக்கலாம் என்ற ஆசை 2020இல் முடிந்தது. குளிசை எடுத்தவர்களின் நிலை மொத்தத்தில் மோசமாகவே இருந்தது. சிறிய கட்டு, அறிகுறி இல்லை என்றால் மட்டும் மறு ஸ்கான் எடுத்துக் கவனித்துக்கொண்டு பொறுக்கலாம்.

பிரஷர் கூடி மூளைக்குள் நாளம் வெடித்த இரத்தக்கசிவு எதிர்மாறு. கட்டை எடுத்துவிட்டால் சரி என்று உறவினர் நினைப்பது இயல்பு. ஆனால் 1033 பேரில் 2005இலும், 601 பேரில் 2013இலும் பார்த்தபோது அவசரச் சத்திரசிகிச்சை தெளிவான நன்மை காட்டவில்லை. மேற்பரப்புக்குக் கிட்ட உள்ள கசிவை மெல்லிய குழாய் வழியே எடுக்கும் முறை 2024இல் நம்பிக்கை தந்திருக்கிறது, அதற்கான கருவி எல்லா இடத்திலும் இல்லை. சிறுமூளையில் 3 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கசிவு விதிவிலக்கு. அதற்குக் கத்தி உயிர் காக்கும். மற்றவர்களுக்குப் பலன் தந்தது மாவட்ட வைத்தியசாலையிலேயே செய்யக்கூடியது. இலங்கையும் சேர்ந்த பத்து நாடுகளில் 7036 பேரில், ஒரு மணித்தியாலத்துக்குள் மேல் பிரஷரை 140க்குக் கீழே இறக்குவது, சீனியையும் காய்ச்சலையும் அடக்குவது, வாபரின் எடுத்திருந்தால் அதை முறிப்பது என்ற தொகுப்பு இறப்பையும் ஊனத்தையும் குறைத்தது. நோயாளரைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி வாட்டில் சண்டை பிடிப்பதை விட, பிரஷர் எத்தனை என்று மணிக்கொரு தரம் கேட்பது பிரயோசனம்.

வீட்டில் செய்யக் கூடாதவை இரண்டு. ஒரு பக்கம் இழுத்தவருக்கு ஸ்கானுக்கு முன் அஸ்பிரின் கொடுப்பது. அடைப்பா கசிவா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. விழுங்கும் பலம் பார்க்காமல் தேத்தண்ணியோ சோடாவோ பருக்குவது. அது சுவாசப்பைக்குள் இறங்கும். கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாக இருந்தார் என்பதை மட்டும் சரியாகக் குறித்துக்கொண்டு போங்கள். அடைப்பு என்றால் கட்டி கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் இருக்கிறது.

பெரிய அடைப்பில் மூளை வீங்கும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கழற்றி இடம் கொடுக்கிற சத்திரசிகிச்சையைப் பற்றிப் புள்ளி போடுவது கடினம். அறுபது வயதுக்குட்பட்டவர்களில், 48 மணித்தியாலத்துக்குள் செய்தால் 78 சதவீதம் பேர் உயிர் பிழைத்தார்கள், செய்யாவிட்டால் 29. பிழைத்தவர்களில் கணிசமானோருக்கு எப்போதும் ஆள் துணை தேவை. விபத்தில் தலை அடிபட்டுத் தலைக்குள் அமுக்கம் அடங்காதவர்களிலும் இதே கணக்கு: இறப்பு 48.9இலிருந்து 26.9 சதவீதமாக இறங்கியது, உணர்வற்ற நிலையில் மீந்தவர்கள் 2.1இலிருந்து 8.5ஆகக் கூடினார்கள். ஒப்பம் வைக்க முன் குடும்பம் கேட்க வேண்டியது ‘பிழைப்பாரா’ என்பதோடு ‘பிழைத்தால் எப்படி இருப்பார்’ என்பதையும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு

கத்தியின் விளைவு பாதி வீட்டில்தான் தீர்மானமாகிறது. தையல் வெட்டக் கிட்ட உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம், மறு கிளினிக் திகதி, ஸ்கான் தட்டு, சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி ஆகியவற்றை வாங்காமல் வாட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம். காயத்தால் தெளிந்த நீர் வடிந்தாலோ, எழும்பி இருக்கும்போது வருகிற தலையிடி படுத்தால் மாறினாலோ உறை கசிகிறது. காய்ச்சலோடு நாரி நோ திரும்பக் கூடினால் கிருமி. இரண்டுக்கும் அன்றே போக வேண்டும்.

கால் வராமல் போனவர்களுக்கு மாங்குளம் ஆதார வைத்தியசாலையின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, தெற்கே ராகமை மறுவாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான உயிரிழை அமைப்பிடம் வாட்டில் கிடைக்காத அனுபவ அறிவு கிடைக்கும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டுவது, சக்கர நாற்காலியில் அரை மணிக்கு ஒருதரம் கையூன்றி உடம்பைத் தூக்குவது, நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் குழாய் விட்டுச் சலம் எடுத்து ஒரு தடவைக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டாமல் பார்ப்பது: இவற்றைச் செய்யும் ஆளுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கிருமியும் குறையும். படுக்கைப் புண் சிவப்பாக இருக்கும்போதே அந்தப் பக்கம் படுக்காமல் விட்டால் ஆறிவிடும். தோல் திறந்து எலும்பு வரை போனால் அதற்கென்று இன்னொரு கத்தி தேவைப்படும்.